பாத்துக்கலாம் அங்கிள்

எனக்கு வழி என்பதே மண்டையில் ஏறாது. இன்று காலை இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் சொந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல், மாடியில் குடியிருக்கும் மாணவியிடமே ஃபோனில் கேட்டேன். "போலீஸ் ஜீப் நிக்கிற வீடு, அங்கிள்" என்றாள். உடனே கண்டுபிடித்துவிட்டேன். அங்கிருந்து இந்த ஸ்டேஷனுக்கு அந்த ஜீப்பிலேயே வந்துவிட்டேன்.

சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் கால் வைக்காமல், வேறு ஊரில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ஃபோனிலேயே கட்டி மேய்த்தவன் நான். கீழே கல்லூரிப் பையன்கள், மேலே பெண்கள். குழாய் ஒழுகுகிறதா, கதவு மூட மாட்டேன் என்கிறதா, எதுவானாலும் என் பதில் ஒன்றுதான்: 'பாத்துக்கலாம்'. 'பா' என்று தட்டினால் மீதியை ஃபோனே போட்டுக்கொள்ளும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே பாத்துக்கலாம் அங்கிள். என் மனைவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குப் புரிய வருஷக்கணக்கா ஆச்சு. இந்தப் பசங்க கெட்டிக்காரங்க" என்றாள்.

குளியலறை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தளத்திலும் குளியலறைக்குள்ளேயே கேஸில் ஓடும் ஹீட்டர். சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர். அதன் வழியே புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது என்று புகார். வலை அடிக்கலாம்தான். அதற்கு ஆள் தேடி, அளவு சொல்லி, யார் மாரடிப்பது? இரண்டையும் பலகை வைத்து அடைத்துவிடும்படி ஹீட்டர் மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"வேணாம் சார். கேஸ் எரியுற இடம். காத்து போகலன்னா விஷமாயிடும். வாசனைகூட வராது, ஆளு அப்படியே சரிஞ்சிடுவாங்க."

"அடைங்க, பாத்துக்கலாம்."

அவர் மறுத்துவிட்டார். தச்சர் ஒருவர் மறு பேச்சில்லாமல் அடைத்துக் கொடுத்தார். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, கீழ்த்தளக் குளியலறையில், விஷக்காற்று சேர்ந்தால் கத்தும் ஓர் அலாரத்தை மாட்டி என் ஃபோனோடு இணைத்துவிட்டுப் போனார்.

கீழே ஒரு பையன் இருந்தான், எல்லோருக்கும் அவன் பாட்டுக்காரன். விளையாடிவிட்டு வந்து குளிக்கப் போனால் கச்சேரி முடிந்துதான் வெளியே வருவான். நான் டீயைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து ஃபோனில் அந்த அலாரம் கத்தும். தினமும் இதே ரோதனை. ஒருநாள் அவனையே அழைத்தேன்.

"அந்த பேட்டரியைக் கழட்டிடுப்பா."

"அங்கிள், குளிக்கும்போது தலை வேற சுத்துது."

"பாத்துக்கலாம்."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கழற்றிவிட்டான். அன்றைக்கு நான் டீயை நிம்மதியாகக் குடித்தேன்.

முந்தாநாள் அவன் பாட்டு பாதியில் நின்றது. அப்பாடா என்று இருந்ததாம் அறையில் இருந்தவர்களுக்கு. அவர்கள் கதவை உடைத்தபோது அவனுக்கு உயிர் இல்லை.

மெக்கானிக் ஹீட்டரைச் சரியாக மாட்டவில்லை என்று உங்களுக்கு ஃபோனில் சொன்னவன் நான்தான். அதை நம்பித்தான் அந்த மனுஷனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் எழுதாதீர்கள். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துதான் அடைக்கச் சொன்னேன், புரிந்துதான் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். அந்தப் பையனைக் கொன்றது நான். அதனால்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு நேரில் வந்திருக்கிறேன். நான் இப்போது பழைய ஆள் இல்லை.

ஃபோன் அதிர்கிறதே என்று பார்க்கிறீர்களா? ஒன்றுமில்லை, அந்த மாடி மாணவிதான். அவளுடைய தோழி குளிக்கப் போனாளாம், தலை சுற்றுகிறது என்றாளாம், இப்போது தட்டினால் குரல் இல்லையாம். மேலே பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் ஏன் எழுந்து ஓடுகிறீர்கள், இன்ஸ்பெக்டர்? நான்தான் பதில் போட்டுவிட்டேனே.