தோளில் ஒரு தட்டு

உங்கள் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது, கவனித்தீர்களா சார்? மேலே நட்டு தளர்ந்திருக்கும். ஸ்பானர் கொடுத்தால் நானே இறுக்கிவிடுவேன். எதிலாவது ஒரு பாகம் ஆடிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சங்கவியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. மத்தியானம் விழுப்புரம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களாமே. சின்னக்கண்ணு செத்தது அவள் கவனக்குறைவால் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது.

என் பெயர் குமரேசன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு, பிரம்மதேசம் பக்கம் பாழடைந்த கல்குவாரியில் இருக்கிற எங்கள் ரைபிள் கிளப்பில் நான்தான் மாஸ்டர். வல்லத்திலிருந்து பஸ் மாறி வரும் சங்கவிக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். நல்ல பெண். என் வாயசைவுக்கு முன்னால் அவள் கை அசையும்.

இருநூறு மீட்டர் போட்டிக்கு எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று கிளப்பில் பேச்சு வந்தது. என் கட்சி போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் மனிதனுக்கு மூச்சும் திரும்பும், புத்தியும் திரும்பும். செமி ஆட்டோமேட்டிக் தானே வெற்றுத் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். விரலை அசைத்தால் போதும். செயலாளர் ஆரோக்கியராஜ் சோதித்துப் பார்க்க ஒன்று கொண்டுவந்தார். சங்கவி அதைத் தொட்ட முதல் வாரமே என் போல்ட் துப்பாக்கியின் புள்ளிகளைத் தாண்டிவிட்டாள்.

"காத்து நிக்கிறதே செத்த நேரம்தான் மாஸ்டர். நீங்க போல்ட்ட இழுத்துக்கினு இருக்கறதுக்குள்ள மாறிப்பூடுது. இதுல கன்னத்த எடுக்காமயே நாலு போட்டுர்லாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி, அதுதான் பேஜாராக இருந்தது. எனக்குப் பொறாமை என்று ஆரோக்கியராஜ் வெளியில் பேசியிருக்கிறார். இருபது வருசமாக நான் சொன்னதை ஒரே வாரத்தில் மறந்துபோகிறார்களே என்ற வருத்தம், அவ்வளவுதான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு முடித்ததும் கைப்பிடியோடு போல்ட்டைக் கழற்றிப் பாயில் வைத்துவிட வேண்டும், அது இல்லாமல் துப்பாக்கி வெடிக்காது. எல்லார் கண்ணுக்கும் அது தெரியும், அதன் பிறகுதான் ஆள் முன்னால் போகலாம். புதுத் துப்பாக்கியில் கழற்றிக் காட்ட ஒன்றும் கிடையாது. அதனால் நானே வேறு முறை வகுத்தேன். சுட்டவர் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு, கையை எடுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் உள்ளே பார்த்து, மூடி, தோளில் ஒரு தட்டுத் தட்டுவேன். காலி என்று அர்த்தம். பிறகு அவர் ஸ்பிரிங் தளர்வதற்காக மண்மேட்டைப் பார்த்து ஒரு தரம் விசையை அமுக்கி, கீழே வைப்பார். தட்டிய பிறகு மறுபடி திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் மாஸ்டரை நம்பவில்லை என்று ஆகிவிடும். சங்கவி ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுப்பதாக இருந்தது. ஆரோக்கியராஜ் முதல் எல்லாரும் வந்து நின்றார்கள். சங்கவி சுட்டு முடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னக்கண்ணு இலக்குத் தாள் மாற்றுகிறவர்.

"போவட்டுங்களா மாஸ்டர்?" என்றார்.

"போங்க. பக்கத்துப் பாதையில போங்க," என்றேன்.

தட்டி முடிப்பதற்கு முன்னால் ஆளை அனுப்புவதில்லை. அன்றைக்கு அனுப்பினேன். பாறைச் சுவரை ஒட்டிப் போகிற பாதை அது. இலக்குத் தாள் ஒட்டிய பலகைக்குப் பின்னால் போய்ச் சேரும்வரை இங்கிருந்து ஆள் தெரியாது. முகத்தைத் திருப்பி, காதில் அடைப்பானோடு இருந்த சங்கவிக்கு அவர் கிளம்பியது தெரியாது. என் சட்டைப் பையில் ஒரு தோட்டா இருந்தது.

போன வாரம் சின்னக்கண்ணுவின் மனைவி ஜெயம் என் வீட்டுக்கு வந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நீங்க அப்பவே அந்தத் துப்பாக்கி வாணாம்னு தலப்பாடா அடிச்சிக்கினீங்களாமே. உங்க பேச்ச கேட்டிருந்தா எம் புருசன் இருந்திருப்பாருங்க."

டீக்கடையில் அதையே சொல்கிறார்கள், ஆரோக்கியராஜும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். திண்டிவனத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் நான் சொன்னது சரி என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. உள்ளே இருந்தால் மட்டும் என்ன, சோறு இறங்குகிறதா?

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் சங்கவி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை அவள் வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். மாஸ்டர் தட்டுவதற்கு முன்னாலேயே அமுக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். என் கை தவறிவிட்டது என்று நினைத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பைத்தியக்காரப் பெண். அந்த வரி தப்பு. அதை அடித்துவிடுங்கள். என்னிடம் படித்தவள் தட்டுக்கு முன்னால் அமுக்கமாட்டாள்.

வெறும் மண்ணில் ஒரு குண்டு போய் விழுந்திருந்தால் கமிட்டி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். தோட்டாவை உள்ளே வைத்து மூடினேன். பைனாகுலரை எடுத்து, அவளுடைய பலகைக்குப் பின்னால் சின்னக்கண்ணு வந்து குனியும்வரை பொறுத்திருந்தேன். பாதி வழியில் பீடி பற்றவைக்க நின்றிருப்பார்போல, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். வந்ததும் தட்டினேன். அவள் அமுக்கினாள். சின்னக்கண்ணுவைக் கொன்றது நான்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசியில் இதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்: அன்றைக்கு அவள் கையில் போல்ட் துப்பாக்கி இருந்திருந்தால் இப்படி ஒரு விபத்து நடந்தே இருக்காது.