பூங்காவுக்கு விட்ட இடம்

— நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லாத பிரேம்நாத்து. நாலு மாசமா உன் ஆபீஸ் படிய ஏறிக்கினு இருக்கேன்.

— லில்லியம்மா, மொதல்ல உக்காருங்க. உங்க நகரோட அப்ரூவல் மேப் கெடச்சிடுச்சு.

— ஏசப்பா! அத ஏன்பா எழவு சேதி மாதிரி சொல்ற?

— ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?

— தண்ணி கெடக்கட்டும். எங்க நகர்ல பார்க்குக்கு எடம் விட்டிருக்குதா, இல்லியா?

— விட்டிருக்குதும்மா. அப்ரூவல்லயே இருக்குது.

— நான் சொல்லல? அந்த ப்ரோமோட்டர் இல்லவே இல்லன்னு சாதிச்சான். பசங்க எங்கப்பா வெளயாடும்? இருக்கிற ஒரு ரோட்டுல தண்ணி லாரி போவுது. துளசி பொண்ணு கால்ல ஏறி, அது இன்னும் சாச்சி சாச்சி நடக்குது.

— மனுவுல படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க.

— நான் எங்க எழுதினேன்? நகர் சங்கத்து செக்ரட்டரி பூவராகவன் எழுதினாரு. ஆனா மொத கையெழுத்து என்னுது. நீங்கதான் போடணும் லில்லியக்கான்னு பேனாவக் கையில குடுத்தாரு. குடிவந்து எட்டு வருசம் ஆவுது. எங்க வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காத ஜெயம்மா அன்னிக்கு எம்பக்கத்துல உக்காந்து போட்டுச்சு. நாப்பத்தாறு வூடும் போட்டாங்க. கிறிஸ்மஸ்ஸுக்கு நான் குடுத்த கேக்க மாட்டுக்கு வச்சவங்கப்பா அவங்கள்லாம்!

— அந்த மனுவ வாபஸ் வாங்கிடுங்கம்மா.

— என்னாது?

— மொத கையெழுத்து உங்களுது. ஒரு வரி எழுதிக் குடுங்க, ஃபைல நான் மூடிடறேன்.

— ப்ரோமோட்டர் உன்னயும் கவனிச்சிட்டானா?

— ஐயோ, இல்லம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— எங்க நல்லது பார்க்குதான். மேப்ப எடு. எங்க வூட்டுக்குப் பின்னாடி அவன் வேலி போட்டு வாழை வச்சிருக்கான். அந்த எடந்தானே? எனக்கு அப்பவே சந்தேகம்.

— ஆமா. அதுவுந்தான்.

— அதுவுந்தான்னா?

— உங்க மனை நம்பர் என்னம்மா?

— நாப்பத்தேழு. ஊருக்கு நடுவுல, முன்னாடியும் பக்கத்துலயும் ரோடு. எல்லாம் வித்துப்போயி எங்களுக்குன்னு அது ஒண்ணு மிஞ்சியிருந்தது. நம்ம அதிர்ஷ்டம்னாரு எங்க வூட்டுக்காரரு. சாயப்பட்டறைல கை வெந்து சம்பாதிச்சது.

— மேப்ல நாப்பத்தாறு மனைதாம்மா இருக்குது.

— சரியா எண்ணிப் பாருப்பா.

— மூணு தடவ எண்ணிட்டேன். இந்தப் பச்சைய பாருங்க. வாழைத் தோட்டமும் உங்க வீடும் சேந்துதான் பார்க்கு.

— பத்திரம் இருக்குதேப்பா. கரண்ட் குடுத்தாங்க. வூட்டு வரி வாங்கிக்கிறாங்க.

— பார்க் எடத்த வித்தது செல்லாதும்மா. இந்த மனு மேல போச்சுன்னா, மொதல்ல இடிக்கிறது உங்க வீட்டத்தான்.

— நான் குடுத்த மனுவுக்கு என் வூட்டயா?

— அதான் வாபஸ் வாங்குங்கன்றேன். இன்னிக்கே.

— இரு, இரு. வாபஸ் வாங்கினா துளசி பொண்ணு மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்? பூவராகவன்கிட்ட போறேன். படிச்சவரு. கேட்டா பதறிப்போயிடுவாரு.

— லில்லியம்மா...

— வாழைத் தோட்டத்த மட்டும் குடுத்தாப் போதும், லில்லியக்கா வூட்ட வுட்டுடுங்கன்னு எழுதச் சொல்றேன். மறுபடியும் எல்லாரும் கையெழுத்து போடுவாங்க. ஜெயம்மாவும் போடும். எங்கூட நிப்பாங்கப்பா. மார்ச்சுல மனு குடுத்தப்ப எப்பிடி நின்னாங்க தெரியுமா?

— ரெஜிஸ்டரப் பாத்தேம்மா. இந்த மேப்போட காப்பிய பூவராகவன் சார் ஜனவரியிலயே கையெழுத்து போட்டு வாங்கிக்கினு போயிருக்காரு.