டோக்கன் திரைக்கு இருந்த அதிகாரம்

அடுத்தவர் துண்டில் நான் முகம் துடைப்பதில்லை. அண்ணனுடையதாக இருந்தாலும் சரி. அண்ணி இதற்காகவே எனக்குத் ‘துரை’ என்று பெயர் வைத்திருக்கிறார். நீங்கள் நீட்டிய கைக்குட்டையை வாங்காததும் அதனால்தான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே எல்லா நிரல்களும் ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கில் ஓடின. மருத்துவர், செவிலியர், ரசீது போடுகிறவர் எல்லோருக்கும் அதே பெயர், அதே கடவுச்சொல். கீழே வரவேற்பறையில் டோக்கன் எண் காட்டும் திரைக்கு, மாடியில் நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்பின் வேகத்தை மாற்றும் அதிகாரம் இருந்தது. அதற்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு கணக்கு வேண்டும், ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான உரிமை மட்டும் போதும் என்று மேலாளரிடம் பல முறை சொன்னேன். நல்ல மனிதர். எதையும் காது கொடுத்துக் கேட்பார், கேட்டதோடு விட்டுவிடுவார்.

“நாமெல்லாம் ஒரே குடும்பம் தம்பி. வீட்டுக்குள்ள ரூமுக்கு ரூம் பூட்டு போட்டா நல்லாவா இருக்கும்? டோக்கன் டிவி போய் யாரையாவது கொன்னுடுமா?”

நியாயமான கேள்வி. சோதித்துப் பார்க்காமல் பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. சாகக் கிடப்பவர் உதவமாட்டார். எப்படியும் போயிருப்பார் என்று சொல்லிவிடுவார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். குடல் அறுவை முடிந்து நன்றாகத் தேறியிருந்தார். வலிக்கு மட்டும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறைக் கணினியைப் பார்க்கப் போனபோது என் சட்டையை உற்றுப் பார்த்தார்.

“மேல் பட்டன் தொங்குது தம்பி. நான் வீட்டுக்குப் போனதும் கடைப்பக்கம் வா, தச்சுத் தரேன்.”

“முதல்ல உன் தையல் பிரியாம பாத்துக்கப்பா” என்றாள் பக்கத்தில் இருந்த மகள். மூவரும் சிரித்தோம்.

அன்று மதியம் வரவேற்பறையில் உட்கார்ந்து, டோக்கன் திரையிலிருந்தே பம்பின் வேகத்தைக் கூட்டினேன். திரை மறுக்கவில்லை. பம்பின் எச்சரிக்கை மணியை அணைக்கவும் அதற்கு உரிமை இருந்தது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். அதை நானே எதிர்பார்க்கவில்லை. டோக்கன் எண்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. யாருக்கும் காத்திருப்பு கூடவில்லை. மாடியில் அந்த மகளின் குரல் கேட்டபோது, மேலாளரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

விசாரணைக் குழு கணினிப் பதிவுகளைப் பார்த்தது. செய்தவர் ‘அட்மின்’ என்று இருந்தது. அங்கே எல்லோரும் அட்மின். ஒரே குடும்பம் அல்லவா. கடைசியில் பம்ப் கோளாறு என்று முடித்தார்கள். ஆனாலும் பயம் வந்துவிட்டது. உடனே ஆளுக்கொரு கணக்கு, நிரலுக்கு அளந்த உரிமை, எல்லாம் நான் சொன்னபடியே.

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டீர்கள். பிறகு ஏன் நானாக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்கிறீர்கள். மனசாட்சிதான்.

நேற்று மேலாளருக்குப் பாராட்டுக் கூட்டம். இந்த ஏற்பாடெல்லாம் அவரே யோசித்ததாம். தையல்காரரின் மகளும் வந்திருந்தாள். “இனிமே யாருக்கும் இப்படி ஆகாதுல்ல சார், ரொம்ப நன்றி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலேயே நின்ற என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஏமாறக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள். அவள் அப்பாவைக் கொன்றது நான்தான். அவள் நன்றி சொல்ல வேண்டியதும் எனக்குத்தான்.