பைய ஒட்டிய பவளம்

பவளம் ஒட்டுகிற வேலையில் அவசரம் கூடாது சார். உயிருள்ள கிளையில் விரல் நீளத்துக்கு நறுக்கி, வெட்டுவாயில் பசை வைத்து, சின்னக் கல் வில்லைமேல் நிறுத்தி, பசை இறுகும்வரை கையை ஆட்டாமல் பிடித்திருக்க வேண்டும். வீட்டு உப்புநீர்த் தொட்டிக்குள் வைத்த பிறகு நீரோட்டம் நிற்கவே கூடாது. வெட்டுப்பட்ட பவளம் பச்சைப்பிள்ளை மாதிரி.

அப்பாவுக்கு என் தொட்டியைக் கண்டால் ஆகாது. "தாமிரபரணித் தண்ணியில உப்பக் கரைக்குத கிறுக்கன எங்கயாவது பாத்திருக்கியாம்மா?" என்று என் மனைவி மதுமதியிடம் கேட்பார். அவளும் சிரிப்பாள். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஹாலில் படுத்த பிறகும் அந்தக் கேலிக்கு மட்டும் அவருக்கு மூச்சு இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சலிப்பு, அவ்வளவுதான்.

அவருடைய ஆக்சிஜன் மிஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அதைத் தாங்கும், இல்லாவிட்டால் என் தொட்டி மோட்டார்களைத் தாங்கும். இரண்டையும் சேர்த்துத் தாங்காது. ஆபத்துக்குக் கட்டிலருகே ஒரு சிலிண்டரும் உண்டு. அதைத் திறக்கும் சாவி ஆணியில் தொங்கும்.

செவ்வாய்க்கிழமை பெருமாள்புரத்தில் பகல் முழுக்க மின்தடை என்று முந்தின நாளே பேப்பரில் பார்த்தேன். மதுமதி களக்காட்டுக்கு ஒரு வளைகாப்புக்குப் போகிற நாளும் அதுதான். பவளம் வெட்ட அந்த நாளையே வைத்துக்கொண்டேன். வீட்டில் தொந்தரவு இருக்காது பாருங்கள்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரைத் தொட்டிக்கு மாற்றினேன். மிஷின் நின்றது.

"ஏலே, குமரா..."

"வாரேம்ப்பா" என்றேன். கையில் பசை வைத்த துண்டு இருந்தது, விட்டால் சாய்ந்துவிடும்.

அவர் என் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினார். சிலிண்டர் சாவியைக் காலையிலேயே என் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தேன், தொலைந்துவிடக் கூடாதே என்று. போட்டதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"பைய... பைய பாருலே..."

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் பைய என்றால் மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். சட்டைப்பையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவி என்று மதுமதி தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். பேச்சில் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும், மறுக்கவில்லை.

மிச்சத் துண்டுகளையும் நறுக்கி ஒட்டினேன். ஒன்றுகூடச் சாயவில்லை. கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அப்பாதான் சாய்ந்திருந்தார்.

பையப் பார் என்றார், பையப் பார்த்தேன். அப்பா சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை சார்.