நிலுஷா தேச்ச பதினெட்டுக் கிண்ணம்

சசி: யாரு பார்த்த வேல இது, நிலுஷா?

நிலுஷா: எதுண்ணே?

சசி: இந்தப் பதினெட்டுப் பச்ச மண்ணு கிண்ணமுந்தான். உள்ளுக்குக் கை விட்டுப் பாரு. வழுவழுன்னு இருக்கு!

நிலுஷா: நல்லாத்தானே இருக்கு…

சசி: நல்லாருக்கா! நம்ம மொதலாளியம்மா லின் நோனா நேத்து பின்னேரம் முழுக்க ஒக்காந்து மூங்கி சீப்பால கோடு கோடா கீறுனாங்களே, அதெல்லாம் எங்க போச்சி?

நிலுஷா: மழைக்கி… ஈரம் ஏறி…

சசி: ஆமா, எஹலியகொட ஊரு மழ இந்தப் பட்டறக் கூரயப் பிச்சிக்கிட்டு எறங்கி, கிண்ணத்தத் தேச்சிட்டுப் போச்சாக்கும்?

நிலுஷா: சரி, நாந்தான்! வீட்டுக்குப் போக முந்தி ஸ்பொஞ்ச நனச்சி தேச்சி விட்டேன்.

சசி: பிஸ்ஸுவா ஒனக்கு, பைத்தியமா?

நிலுஷா: பாவம்ணே, நோனாவுக்குக் கை நடுங்கி சீப்பு இழுத்துருச்சின்னு நெனச்சேன். வெளிப்பக்கம் அம்புட்டு அழகா பூ வரைஞ்சிட்டு, உள்ளுக்கு யாராச்சும் பிராண்டி வைப்பாங்களா? வாங்குறவங்க சிரிச்சிருவாங்களேன்னு… சத்தங்காட்டாம சரி பண்ணுனேன்.

சசி: அடி கூறுகெட்டவளே! ஒங்க வீட்டுல அம்மி கொத்துவீங்களா இல்லியா?

நிலுஷா: கொத்தாம? மொழுக்குன்னு இருந்தா மொளகா எப்பிடி அரையும்?

சசி: அப்ப இந்தக் கோடு எதுக்குன்னு வெளங்கிருச்சா?

நிலுஷா: ஐயையோ! இது அரைக்கிற கிண்ணமா?

சசி: நோனா தைவான்காரங்க, அதுலயும் ஹக்கா சனம். பத்து வருசமா நம்மளோட பிளேன்டீ குடிச்சாலும், விருந்தாளி வந்தா இதுதான். தேயில, கச்சான்கடல, எள்ளு எல்லாத்தயும் இதுல போட்டு, கொய்யாக் கம்பால அரைச்சி, சுடுதண்ணி ஊத்திக் குடுப்பாங்க.

நிலுஷா: தேத்தண்ணில கச்சானா? முப்பது வருசமா கொழுந்து எடுக்குற எங்கம்மா கேட்டா மயங்கி விழுந்துருமே!

சசி: அது மயங்குறது இருக்கட்டும். ஒம்பது மணிக்கி நோனா வந்துருவாங்க. இன்னிக்கோட ஒனக்கு மூணு மாசம் முடியுது. வச்சிக்கிறதா, அனுப்புறதான்னு…

நிலுஷா: தெரியும்ணே. ராத்திரி பூரா அதே நெனப்புதான். அனுப்பிட்டா திரும்ப ரப்பர் மலைக்கித்தான், பால்வெட்ட. எனக்கு இந்த மண்ணு வேலதான் புடிச்சிருக்கு…

சசி: அழுவாத. பொலிதீன் போட்டு மூடுனதால மண்ணு இன்னும் பச்சயாத்தான் இருக்கு. அந்தச் சீப்ப எடு. அடியிலருந்து மேல, ஒரே இழுப்பு… நிறுத்தாத…

நிலுஷா: இப்பிடியா?

சசி: ஹரி, அப்பிடித்தான். ஆனா நான் வாயத் தொறக்காம இருக்கணும்னா, ஒரு மாசத்துக்கு எம் பங்கு மண்ணயும் நீதான் மிதிக்கணும்.

நிலுஷா: ரெண்டு மாசம்னாலும் மிதிக்கிறேன், தெய்வமே!

சசி: பேசாம கீறு. இன்னும் பதினேழு இருக்கு…

நிலுஷா: …பதினாறு… பதினேழு… இதோட பதினெட்டு.

சசி: கேட் சத்தம்! சீப்பக் கீழ வை!

லின் நோனா: காலயிலயே ரெண்டு பேரும் வேர்த்து நிக்கிறீங்க? இது என்ன… இந்தக் கோடு நான் போட்டது இல்லியே.

சசி: வெளிச்சம் அப்பிடி, நோனா…

நிலுஷா: இல்ல நோனா, பொய் வேணாம். எதுக்குக் கோடுன்னு தெரியாம நாந்தான் தேச்சி அழிச்சேன். இப்ப நாந்தான் கீறுனேன். அனுப்புறதுன்னா அனுப்பிருங்க.

லின் நோனா: என் கோட்ட விட ஆழமா இருக்கு. நல்லா அரையும். நீ நாளைக்கும் வா. நாளன்னிக்கும் வா.

நிலுஷா: நோனா!

லின் நோனா: ஆனா தெரியாமன்னு சொன்னியே, அதுதான் வெளங்கல. சசி, போன சனிக்கிழம இந்தப் புள்ளைக்கி அரைச்சிக் காட்டச் சொல்லி எல்லாச் சாமானும் ஒங்கிட்டதானே குடுத்தேன்? ரெண்டு கோப்ப குடிச்சிட்டு இவ இன்னும் கேட்டான்னு சொன்னியே?

சசி: அது… நோனா… அன்னிக்கி குருவிட்டயில மேட்ச் பாக்கப் போனேன்… கச்சான நானும் கூட்டாளிமாரும் அங்கயே தின்னுட்டோம்.