பன்னிரண்டாவது புள்ளி

குண்டு வைக்கப் போகிறார்கள் என்றே முதலில் நம்பினேன். யுத்தகாலம், கொழும்பில் கொட்டாஞ்சேனை பஸ். முன்சீட்டு இளைஞன், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக வைத்து நடுவே ஓர் அம்பும் போட்டான். நான் குடையோடு மிதிபலகைக்கு ஓடி, குதிக்கத் தயாராக நின்றேன்.

"யாழ்ப்பாணத்துப் பொடியன் இதில நிண்டா முன்னுக்குப் பந்து தானா போகும். நமக்குக் கோல்தான் அண்ணே!" என்றான் இளைஞன்.

உதைபந்தாட்டம்! குடையோடு மெதுவாக உள்ளே திரும்பினேன்.

அவன் பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்காரர் திடுக்கிட்டார்.

"அது என்ட இடம்டா மல்லி!" சிங்களத்தில் தம்பி என்று அழைத்தார்.

"ஓம் அண்ணே."

"நான் கப்டன்டா! அப்ப நான் எங்க நிக்கிறது?"

"பதினொரு பேர்தானே அண்ணே விளையாடலாம். இதில பன்னிரண்டு புள்ளி இருக்கு."

கப்டன் கண்ணாடியில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பன்னிரண்டாவதாக இருந்த தன் புள்ளியைத் தானே விரலால் அழித்தார்.