ஆயிரத்துக்கு மேலே

“இன்ஃபினிட்டி ஒரு நம்பரே இல்லியாம்க்கா.”

அம்பத்தூரில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை போலிருக்கிறது. நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“யார்டி சொன்னது?”

“சூப்பர்வைசருதான். அப்டி எழுதுன டெஸ்ட் ரிப்போர்ட்ட திருப்பிக் குடுத்துட்டாரு.”

“டெஸ்ட் மீட்டர்ல முள்ளு இன்ஃபினிட்டிலதான நின்னுது?”

“அங்கதான்க்கா. கரண்டு துளிகூட வெளிய கசியல, அவ்ளோ நல்ல காயில். அவரு இன்னான்னா, கட்டத்துல நம்பர்தான் வரணும், ஆயிரம்னு போடுன்றாரு.”

“போட்டுட்டு வர்றதுதான? மீட்டர்ல கடைசி நம்பரே அதான.”

“முள்ளு ஆயிரத்த தாண்டிப் போச்சே. நான் பாக்காத நம்பர எப்டி எழுதுறது? கீழ என் கையெழுத்து கீதுல்ல.”

“அப்ப இன்னாதான் எழுதுன?”

“ஆயிரத்துக்கு மேலன்னு எழுதினேன். எவ்ளோ மேலன்னாரு. மீட்டருக்கே தெரியாதது எனக்கு எப்டி சார் தெரியும்னேன். மூஞ்ச திருப்பிக்கினாரு.”

அண்ணனூர் வந்தது. இறங்க எழுந்தபோது பெரியவள் சொன்னாள்.

“காலைல அத இன்னொரு தபா டெஸ்ட் பண்ணு. நானும் கூட நின்னுகினு பாக்குறேன். பாத்துட்டு, உன் கையெழுத்து பக்கத்துல நானும் போடுறேன்.”